எட்டரை மணி மழைக்கணக்கு



பள்ளிகள் திறந்துவிட்டன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வேகம் பிடித்துவிட்டது. இந்த மாதம் நம் வாத்தியார்கள், டீச்சர்கள் பற்றிப் பேச ஆசை.

காலநிலை மாற்றத்தைக் கற்பிப்பது பற்றி 2021இல் யுனெஸ்கோ பல நாட்டு ஆசிரியர்களிடம் கேட்டது. கற்பிப்பது முக்கியம் என்றவர்கள் 95 சதவீதம். அதன் கடுமையை விளக்க முடியும் என்றவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. தங்கள் வட்டாரத்தில் அது என்ன செய்கிறது என்று நன்றாகச் சொல்ல முடிந்தவர்களோ ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். அந்தக் கடைசிக் கணக்கு என்னை விடாமல் உறுத்துகிறது.

அந்தக் குறையைப் போக்க வழி இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி இன்று புதிதில்லை. 2017இல் அரசின் தீக்‌ஷா தளம் வந்தது. நிஷ்தா பயிற்சி 2020 முதல் இணையத்திலும் நடக்கிறது. வால்பாறை எஸ்டேட் பள்ளி டீச்சர் மலையிறங்கி பஸ் மாறிப் போகாமலே படிக்க முடிவது பெரிய வசதி. ஆனால் அந்தச் செல்போன் திரையில் நம் கொங்கு மண்ணும் தெரிய வேண்டும்.

சொல்வதற்கா நம்மிடம் பஞ்சம்? தென்னையைப் பாழாக்கும் சுருள் வெள்ளை ஈ, இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2016இல், நம் பொள்ளாச்சித் தோப்புகளில். வறண்ட வெயிலில் அது பெருகும் விதம் அறிவியல் வகுப்புக்கு உரியது. காரமடை ஒன்றியத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை விற்றது. கடன், வட்டி, வருமானம் என்று கணக்கு வாத்தியாருக்கு ஒரு வாரத்துக்குப் பாடம் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது மழைமானிதான். வானிலைத் துறை தினமும் காலை 8.30 மணிக்கு மழையை அளக்கிறது. பள்ளி மணி அடிக்கும் நேரத்தை ஒட்டியே அது வருகிறது. பிள்ளைகளே அளந்து நோட்டில் எழுதட்டும். 2.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் அது கணக்கில் மழைநாள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். அது சாக்கடைக்குப் போகிறதா, தொட்டிக்குப் போகிறதா என்று பிள்ளைகளே போய்ப் பார்க்கட்டும். வீட்டில் அப்பாருவிடமும் அம்மாயியிடமும் ஆடிப்பட்டம் அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டு வந்து அதே நோட்டில் எழுதட்டும். சில வருடங்கள் விடாமல் எழுதினால், அந்த ஊரின் வானத்தைப் பற்றி வேறெவரிடமும் இல்லாத பதிவு அந்தப் பள்ளியில் இருக்கும்.

இதற்கான பாடங்களைத் தயாரிக்க டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வேளாண் பல்கலைக்கழகம் கோவையில் இருக்கிறது. அதன் வேளாண் தகவல் தளம் தமிழிலேயே கிடைக்கிறது. ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையமும், ஆர்.எஸ்.புரம் பக்கம் வன மரபியல் நிறுவனமும் உள்ளன. அங்குள்ள விஞ்ஞானிகள் மாதம் ஒரு மாலை இணையத்தில் நம் ஆசிரியர்களோடு தமிழில் உட்கார்ந்து பேசினால் போதும். சந்தேகம் கேட்க நூறு பேர் வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆசிரியராக இருக்கும் வாசகர்களே, உங்கள் ஊர்க் குளத்தையோ தோட்டத்தையோ வைத்து நீங்கள் நடத்திய பாடத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். சரியாக நடக்காத வகுப்பானாலும் எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்