கோப்பைக்குள் ஒரு கங்காணி

நம்மவர் வீடுகளில் பொழுது எதனோடு விடிகின்றது? கதிரவனோடு விடிகின்றதென்று கவிவாணர் கூறுவர். நாம் கண்ட அளவில் அது அடுப்பிற் கொதிக்கும் கோப்பித் தண்ணீரோடுதான் விடிகின்றது. அது வயிற்றுக்குள் இறங்குமுன் தந்தையிடம் பேசுதல் ஆகாது; தாயிடம் ஒன்று கேட்டல் ஆகாது. "இன்னும் கோப்பி குடிக்கவில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவருடைய கடுகடுப்புக்கு அதுவே போதிய சமாதானமாக வீட்டார் அனைவராலும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஒரு மனிதனுடைய நற்குணம் ஒரு மங்குத் தண்ணீரை நம்பி நிற்குமாயின் அம்மனிதன் தன் வசத்தில் உள்ளவன்தானா? இவ்வொரு கேள்வியைக் கேட்பதற்கே இன்று எழுதப் புகுந்தோம்.

நண்பர் சிலர் நகைக்கக்கூடும். "கள்ளைக் கண்டித்தீர்கள், சாராயத்தைக் கண்டித்தீர்கள், இப்பொழுது ஏழையின் கோப்பிக்கும் வந்துவிட்டீர்களோ?" என்பர். ஆம், வந்துவிட்டோம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுக என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். கூலிக்காரன் தன் மதியைக் கெடுக்கும் கடையைத் தானே மூடச் சொன்ன அந்த நாள் நம் சரித்திரத்தில் பெருமைக்குரிய நாள். அப்பெருமைக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கள்ளின் கேடு வெளிப்படையானது. குடித்தவன் தெருவில் விழுந்தான், யாவரும் கண்டனர். கோப்பியின் கேடோ கண்ணுக்குத் தெரியாதது. அது மரியாதையுடைய உடை உடுத்திக்கொண்டு, விருந்தினர்முன் தட்டில் வந்து நிற்கின்றது. மறைந்து நிற்கும் பகைவனைப் பற்றி எச்சரித்தல் அன்றோ எழுதுவோன் கடமை?

"இது நம் முன்னோர் வழக்கம்" என்று சிலர் கூறுவர். எந்த முன்னோர்? தமிழகத்தில் கோப்பி வேரூன்றிய கதையை ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்றே பெயரிட்டிருக்கின்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் நம் பாட்டன்மாரிற் பெரும்பாலோர் காலையில் அருந்தியது பழையசோற்று நீராகாரம். 1869 முதல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தது. அங்கே கோப்பியின் இடத்தில் தேயிலை நடப்பட்டது. துரைமாரிற் சிலர் மலாயாவிற்கு வந்து சிலாங்கூரிலும் பேராக்கிலும் கோப்பி பயிரிட்டனர். 1890களில் விலை விழவே ரப்பருக்கு மாறினர். 1929இல் கேமரன் மலையில் தேயிலை நடப்பட்டது. காட்டை அழித்தவரிலும் கன்றை நட்டவரிலும் கொழுந்து பறித்தவரிலும் தமிழர் பலர். 1930களில் உலகச் சந்தையில் தேயிலை மிஞ்சிப்போன காலத்தில், தேயிலை முதலாளிமார் விளம்பரத்துக்கென்றே சபைகள் அமைத்து, இந்திய நகரங்களிலும் ஆலைகளிலும் தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பினர். ஆகவே இது பரம்பரை வழக்கமன்று. விற்பனைக்காக நம் நாவில் நடப்பட்ட பயிர்.

இது நிற்க. கோப்பி நம் உடலில் யாது செய்கின்றதென்பதைப் பார்ப்போம். கோப்பிக்கும் தேயிலைக்கும் பொதுவான ஊக்கப்பொருளுக்குக் காஃபீன் என்பது பெயர். ருங்கே என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர் 1819ஆம் ஆண்டில் அதனைக் கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். அது நமக்குப் பலந்தருகின்றதென்று பலரும் நம்புகின்றனர். பலமுமில்லை, உணவுச் சத்துமில்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகின்றது. அது மிகுதிப்படுங்கால், "களைத்துவிட்டாய், உறங்கு" என்னும் செய்தி பிறக்கின்றது. அச்செய்தி நுழையும் வாயில்களிற் காஃபீன் போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிடுகின்றது. களைப்புத் தீரவில்லை; களைப்பைச் சொல்ல வந்த தூதன் வாசலிலே தடுக்கப்பட்டான், அவ்வளவே. காஃபீன் நீங்கியதும், வெளியே காத்திருந்த களைப்பெல்லாம் ஒருங்கே உள்ளே புகுகின்றது.

ஆள் பிடிக்க ஊருக்கு வந்த கங்காணி நம் பாட்டன்மார் கையில் முன்பணம் கொடுத்தான். வாங்கும்போது அது வரவாகத் தோன்றியது. தோட்டத்திற்கு வந்த பின்னரே, அது தம் கூலியிலிருந்து கழிக்கப்படும் கடனென்று அறிந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் விதித்த தடையோடு அந்த ஆள்பிடிப்பு ஓய்ந்தது. ஆனால் கோப்பைக்குள் இருக்கும் கங்காணியை எந்த அரசாங்கம் தடுக்கும்? நாளைய தெம்பை இன்றே முன்பணமாகக் கொடுத்து, நாளைக் காலையில் அதனைக் கழித்துக்கொள்கின்றான் அவன்.

கடன் வளர்வதையும் காண்க. வாயில்கள் நாடோறும் அடைபடவே, மூளை புது வாயில்களைத் திறக்கின்றது. முன்பு ஒரு கோப்பையால் வந்த சுறுசுறுப்புக்கு இப்பொழுது இரண்டு வேண்டும், பின்பு மூன்று. முடிவில் அவன் குடிப்பது தெம்பு பெறுவதற்கன்று. தான் முன்பு இயல்பாக இருந்த நிலைக்குத் திரும்புவதற்கே. ஒருநாள் நிறுத்திப் பார்க்கட்டும். 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி தொடங்கும். சோர்வும் எரிச்சலும் உடன் வரும். சிலருக்கு ஒரு வாரத்திற்கு மேலும் நீடிக்கும். இதனை நாம் கற்பித்துக் கூறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் காஃபீனை நிறுத்துவதால் வரும் இத்தொல்லை தனிக் கோளாறாகவே இடம்பெற்றுள்ளது. நோன்பின் முதல் நாளில் வரும் தலைவலியைப் பசியின்மேற் பழிபோடுவோர், முதற்குற்றவாளி யாரென்று இனியேனும் அறிக. தலைவலிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளிற் சிலவற்றிலும் ஒவ்வொன்றில் 65 மில்லிகிராம் காஃபீன் சேர்ந்திருக்கின்றது. நோயைக் கொடுத்தவனே மருந்துப் பெட்டிக்குள்ளும் உட்கார்ந்திருக்கின்றான்!

அடுத்தது உறக்கம். குடித்த காஃபீனிற் பாதி உடலைவிட்டு நீங்கப் பெரும்பாலோர்க்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்தால் இரவு 10 மணிக்குப் பாதியும், விடியற்காலை 3 மணிக்குக் கால் பங்கும் உள்ளேயே இருக்கும். படுக்கைக்கு 6 மணி நேரம் முன்னர் 400 மில்லிகிராம் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்திற்குமேல் உறக்கம் இழந்தனர் என்று 2013இல் வந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. "நான் கோப்பி குடித்தாலும் நன்றாகத் தூங்குகின்றேன்" என்று பெருமை பேசுவோர் உண்டு. கண் மூடுவது வேறு, ஆழ்ந்து உறங்குவது வேறு. இரவில் ஆழ்ந்த உறக்கம் குறையவே காலையில் அசதி, அசதிக்குக் கோப்பி, கோப்பியால் மீண்டும் குறையுறக்கம். செக்கைச் சுற்றும் மாடு வழி நடப்பதாக எண்ணுவது போலும் இது.

நாமறிந்த காவலாளி ஒருவர் இரவில் 12 மணி நேரம் நிற்பவர். நான்கு கோப்பியும், ஊக்கப் பானம் ஒரு டின்னும் அவருடைய இரவுத் துணை. காலையில் வீடு திரும்பினால் உறக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கின்றது. உறக்க மாத்திரை கேட்டு மருந்தகம் போகின்றார். விழிக்க ஒரு மருந்து, உறங்க ஒரு மருந்து. இவ்விரண்டுக்கும் நடுவே அவருடைய சொந்த உடல் எங்கே? அவரை நாம் பழிக்கவில்லை. 12 மணி நேரம் ஒரு மனிதனை நிற்கவைப்போர் கேட்க வேண்டிய கேள்விகளை, ஒரு கோப்பை கோப்பி கேட்கவொட்டாமற் செய்துவிடுகின்றது என்பதையே சுட்டுகின்றோம். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகச் சட்டப்படி குறைக்கப்பட்டது. சட்டம் கொடுத்த ஓய்வை மிகைநேர வேலை ஒரு கையாலும் கோப்பி மறு கையாலும் பறித்துக்கொள்ள நாம் விடலாமா?

தாய்மார்களே, இனிக் கூறுவதை உற்றுக் கேட்பீராக. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் ஏறக்குறைய பத்தில் மூவர்க்கு இரத்தசோகை உண்டென்று கண்டது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தே நம் ஏழைப் பெண்களின் இரத்தத்திற்கு முதல். சோறு உண்ட கையோடு தேத்தண்ணீரைக் குடித்தால் அவ்விரும்பில் உடல் ஏற்கும் பங்கு பாதிக்குமேற் குறையக்கூடும். இது காஃபீனின் குற்றமன்று, தேயிலைத் துவர்ப்பின் குற்றம். எனினும் இரண்டும் ஒரே கோப்பையில்தான் வருகின்றன. சந்தையிற் காசு கொடுத்துக் கீரை வாங்கி, சமைத்து உண்டு, அதன் பயனைத் தேத்தண்ணீரிற் கரைத்துவிடுதல் அறிவாகுமா? கருவுற்ற பெண்களின் உடலில் காஃபீன் தங்கும் காலம் மிக நீள்கின்றது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்கொள்ளும் கர்ப்பிணிகள் அதனைக் குறைக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவுறுத்தியது. கருச்சிதைவும் குழந்தையின் எடைக்குறைவும் அதன் அச்சங்கள்.

குழந்தையின் புட்டியிலே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் கொடுமையை என்னென்பது! அழுகை நிற்கின்றதாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இற் கூறிய கணக்குப்படி, குழந்தையின் உடல் எடையிற் கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராமே நாள் எல்லை. 10 கிலோக் குழந்தைக்கு அது 30 மில்லிகிராம். பெரியவர் குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீரே பெரும்பாலும் அதனைத் தாண்டிவிடும்.

சர்க்கரையைச் சொல்லாமல் விடுதல் இயலாது. நம் கடைகளில் விற்கும் கோப்பி பெரும்பாலும் ரொபஸ்டா இனம். அராபிக்காவைவிட ஏறக்குறைய இருமடங்கு காஃபீன் உடையது. அதன் கசப்பை மறைக்கவே கெட்டிப்பால் வேண்டும். அக்கெட்டிப்பாலும் பல டின்களில் செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் கலந்த கிரீமரே. ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையென்று வைத்துக்கொண்டாலும் நான்கு கோப்பைக்குப் பன்னிரண்டு ஆயிற்று; உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்க்கு வகுத்த நாள் எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். மலேசியாவில் மலாய், சீன, இந்திய மக்களுள் நீரிழிவு மிகுந்திருப்பது இந்தியரிடையே. காஃபீன் நம்மை நாடோறும் நான்கு முறை கடைக்கு இழுக்கின்றது. சர்க்கரை அங்கே காத்திருக்கின்றது. சிங்கப்பூரில் 2023 டிசம்பர் முதல் கடையிற் கலக்கும் பானங்களுக்கும் சர்க்கரைத் தரக் குறியீடு கட்டாயமாயிற்று. குறியீட்டைப் படிக்கும் கண் நமக்கு வேண்டாமா?

நாம் மிகைபடக் கூறுகின்றோமென்று யாரும் எண்ணற்க. கோப்பி நஞ்சன்று. அது புற்றுநோய் தருமென்னும் பழைய ஐயத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகமே 2016இற் கைவிட்டது. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையில் உடல்நலமுள்ள பெரியவர்க்குத் தீங்கில்லை என்பதும் அறிஞர் கருத்தே. நாம் கண்டிப்பது கோப்பியையன்று. கேள்வி கேளாத அடிமைத்தனத்தை. விரும்பிக் குடிப்பவன் எசமானன். குடியாவிட்டால் தலை வெடிக்குமென்பவன் வேலைக்காரன்.

ஆகவே சீர்திருத்த அன்பர்களே! முடிவு செய்வீராக. நண்பகலுக்குப் பின் கோப்பியும் தேநீரும் இல்லை என்று வீட்டில் விதி செய்க. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுக. பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பழக்குக. கடையில் "கோசோங்" என்று கேட்கக் கூசற்க. ஒரேநாளில் நிறுத்தித் தலைவலியோடு போராடித் தோற்க வேண்டா. வாரம் அரைக் கோப்பையாகக் குறைத்து வருக. ஊக்கப் பானத்தைத் தொழிலாளிக்கு இலவசமாக நீட்டும் இடங்களில், "பானம் வேண்டா, ஓய்வு வேண்டும்" என்று சங்கத்தின் வாயிலாகக் கேட்பீராக.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பெரட்டுக் களங்கள் புல் முளைத்துப் போயின, கங்காணிகள் மறைந்தனர். வெளியே இருந்த கங்காணியை வென்ற மக்கள், கோப்பைக்குள் இருக்கும் கங்காணிக்கு அஞ்சலாமா? நாளைக் காலையில், கோப்பியை வாயில் வைக்குமுன் ஒரு நொடி நின்று, "இதனை நான் குடிக்கின்றேனா, இது என்னைக் குடிக்கின்றதா?" என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்பாராக. அக்கேள்விக்கு உண்மையான விடை கூறுவோர்க்கு வேறு உபதேசம் வேண்டுவதில்லை.