பிரேக் பேசும் பாஷை

ஸ்கூட்டரை ஸர்வீஸ் செய்து, பணத்தையும் கொடுத்து ஓட்டி வருகிறீர்கள். தெருமுனையில் பிரேக்கைப் பிடித்தால், முன்பு இல்லாத 'கிரீச்' சத்தம்! கோபம் வருவது நியாயந்தான். சண்டைக்குக் கிளம்புமுன் அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

முதலில், எந்தச் சக்கரம்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் இடது பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரங்களுமே பிடிக்கும். ஆகவே நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, வலது பிரேக்கை மட்டும் இதமாகப் பிடியுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் முன் சக்கரந்தான்.

புது பிரேக் ஷூ போட்டிருக்கிறார்களா? பெயரே ஷூ அல்லவா! புதுச் செருப்பைப் போல, பழகும்வரை லேசாகக் கீச்சிடும். சில நாளில் அடங்கிவிடும்.

ஆனால் இரும்போடு இரும்பு உரசுவதுபோல் 'கரகர'வென்றாலோ, பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி துடித்தாலோ, பிடிப்புக் குறைந்தாலோ, ஓட்டாதீர்கள். ஷூ தேய்ந்திருக்கலாம், டிஸ்க் வளைந்திருக்கலாம், ஏதாவது போல்ட் சரியாக முடுக்கப்படாமல் இருக்கலாம். மெக்கானிக்கை வரவழைத்து, எந்தச் சக்கரம், எந்த மாதிரிச் சத்தம் என்று சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது.

ஒன்று மட்டும் வேண்டாம். கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவோமே, அந்த வைத்தியம் இங்கே ஆகாது. பிரேக்குக்கு எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது!