நிறைந்த நோட்டு, வராத ஆங்கிலம்

பிள்ளையின் ஆங்கில நோட்டு நிறைந்திருந்தால் ஆங்கிலம் வளர்கிறது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வேரோடிப் போயிருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூரில் சாயங்காலம் எந்தத் தெருவில் நின்றாலும் "ஹோம் ஒர்க் முடிச்சிட்டியா?" என்ற குரல் கேட்கும். "இன்னைக்கு இங்கிலீஷ்ல என்ன புரிஞ்சுது?" என்று கேட்பவர்கள் குறைவு. பக்கம் பக்கமாக எழுத்தும் சிவப்பு மை டிக்கும் இருந்தால் பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். இல்லையென்றால், "அந்த மிஸ் ஒண்ணுமே எழுத வைக்கிறதில்லை" என்று புகார் போகிறது. இந்த நம்பிக்கைதான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மூன்று வருடங்களை விழுங்குகிறது.

கிளாஸ் ஒர்க் என்ற பெயரில் பல வகுப்புகளில் நடப்பது என்ன? ஆசிரியர் பாடத்தை வாசித்து வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்கிறார். புக் பேக் கேள்விகளுக்கான பதில்கள் கரும்பலகையில் ஏறுகின்றன. பிள்ளைகள் எழுத்து மாறாமல் நோட்டில் இறக்குகிறார்கள். பெல் அடிக்கிறது. அந்தப் பீரியடில் ஒரு பிள்ளைகூடச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கவில்லை. கடிதம், கட்டுரை என்று யோசித்து எழுத வேண்டியதெல்லாம் "வீட்ல எழுதிட்டு வா" என்று போய்விடுகிறது.

எல்லாமே தலைகீழ். பார்த்து எழுதுகிற சுலபமான வேலையை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்கிறோம். கஷ்டமான வேலையை, ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத வீட்டுக்கு அனுப்புகிறோம். பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மண். களையெடுத்துவிட்டு வரும் தாயிடம் மகள், "இந்த சென்டென்ஸ் சரியாம்மா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கைடைப் பார்த்து எழுதச் சொல்வார். முடிந்தால் டியூஷனுக்கு அனுப்புவார். முடியாத வீட்டுப் பிள்ளைக்கு மறுநாள் இம்போசிஷன்தான். பள்ளி சமன் செய்ய வேண்டிய ஏற்றத்தாழ்வை வீட்டுப்பாடம் பெரிதாக்குகிறது.

"அதான் டீச்சர் திருத்துறாங்களே" என்பார்கள். கணக்குப் போடுவோம். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். நான்கு பிரிவுகளுக்கு ஆங்கிலம் எடுப்பவரிடம் 140 நோட்டுகள் சேரும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் 4 மணி 40 நிமிடம். தினமும் இது யாராலும் ஆகாத காரியம். எனவே டிக் விழுகிறது, வாக்கியத்தை யாரும் வாசிப்பதில்லை, பிழை அப்படியே பிள்ளையோடு அடுத்த வகுப்புக்குப் போகிறது. இதில் ஆசிரியரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நோட்டை எண்ணி வேலையை அளக்கும் நிர்வாகத்தையும், அதைக் கேட்டு வாங்கும் நம்மையும்தான் சொல்வேன்.

பலன் என்ன? 2022 ஏசர் (ASER) கல்வி நிலை ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 46.7 சதவீதம். கொரோனாவுக்கு முன்பு, 2016இல், அது 45.3. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எட்டு வருடம் நோட்டு நிரப்பியும் வாசிக்க வரவில்லை.

வேறு வழி இந்த மண்ணிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1979 முதல் 1984 வரை மொழிக்கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, முதலில் ஆசிரியரோடு சேர்ந்தும் பிறகு தனியாகவும் ஆங்கிலத்திலேயே விடை காண வைத்தார்கள். பிறகு அதை மதிப்பிட்ட பெரெட்டா, டேவிஸ் இருவரும் முழு வெற்றி என்று சொல்லவில்லை. ஆனால் கற்றதை எடுத்தாள்வதில் அந்தப் பிள்ளைகள் முன்னே நின்றதைக் கண்டார்கள்.

நம்மாலும் அது முடியும். ஓர் உதாரணம்: சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். வெளியூர்க்காரர் ஒருவருக்கு எந்த நாள் வரலாம், திருச்சியிலிருந்து எப்படி வரலாம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இருவர் இருவராகப் பேசட்டும், ஐந்து வரி எழுதட்டும், ஆசிரியர் நடந்துகொண்டே அங்கங்கே திருத்தட்டும். வகுப்பில் புரிந்துகொண்ட பக்கத்தைப் பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பதும், சொந்தமாக மூன்று வரி எழுதுவதும் வீட்டுக்குப் போதும். 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்கிறது. அந்த நேரத்துக்குள் இது அடங்கும்.

கையெழுத்தும் ஸ்பெல்லிங்கும் என்னாவது என்று கேட்பது நியாயம். அதற்கு அரைப் பக்கம் பார்த்து எழுதுவதும் டிக்டேஷனும் போதும். பரீட்சைக்குக் காப்பிதான் உதவும் என்ற வாதமும் நிற்காது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் எந்த நோட்டிலும் இல்லை.

தலைமையாசிரியர்கள் நோட்டு எண்ணுவதை நிறுத்த வேண்டும். பெற்றோர் அடுத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: "இந்த வாரம் எம்பிள்ளை தானா யோசிச்சு எழுதின வாக்கியம் எது? காட்டுங்க." ஒரு ஊரே இதைக் கேட்கத் தொடங்கினால் வகுப்பறை மாறியே தீரும்.