கார் ஆயில் குடிக்கிறதா? கெட்டி ஆயிலுக்கு மாறும் முன் இதைப் படியுங்கள்!

காலை ஆறரை மணி. 15 வருடம் ஓடிய கார் வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகிறது. சைலன்ஸரிலிருந்து ஒரு கொத்து நீலப் புகை கிளம்பி, இரண்டு நிமிடத்தில் காணாமல் போகிறது. ஆயில் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கேஜ் கம்பியில் அளவு கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது.

“சார், வண்டி ஆயில் அடிக்குது. இனிமே 20-50 ஊத்திருங்க, சரியாப்போயிடும்” என்கிறார் மெக்கானிக்.

“வேணாம்ப்பா, கார் புக்ல 5-30ன்னுதான் போட்டிருக்கு. அதைத்தான் ஊத்தணும்” என்கிறாள் மகள்.

பல வீடுகளில் நடக்கிற உரையாடல்தான் இது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் அப்பா. உண்மையில் இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், அதில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. ‘டபிள்யூ’ என்பது விண்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடும் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி விழும் தை மாதக் காலையில்கூட இந்தக் குளிர் வராது. சென்னை, மதுரை, திருச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பின்னால் உள்ள எண்தான் நம் ஊருக்கு முக்கியம். இன்ஜின் சூடேறிய பிறகு, 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அது காட்டுகிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 30-லிருந்து நேராக 50-க்குத் தாவினால், ஆயிலின் கெட்டித்தன்மை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. அது சின்ன மாற்றம் இல்லை.

ஆயில் எந்த வழியாகப் போகிறது?

எந்த ஆயில் என்று முடிவு செய்வதற்கு முன், இருக்கும் ஆயில் எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

ராத்திரி நின்ற இடத்தில் காலையில் தரையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால், அது எரியவில்லை, ஒழுகுகிறது. பெரும்பாலும் மேல்மூடியின் கேஸ்கெட்டோ, ஆயில் சீலோ போயிருக்கும். அதை மாற்றுவதுதான் வழி. கெட்டி ஆயில் ஒழுகலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் மீது சந்தேகப்படலாம். ஏற்காடு மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நீண்ட தூரம் இறங்கிவிட்டு, கீழே வந்து மிதிக்கும்போது குபீரென்று புகை வந்தாலும் அதே சந்தேகம்தான். சூட்டில் இறுகிப்போன ரப்பர் வழியாக ஆயில் கசிந்து உள்ளே இறங்குகிறது. இங்கே சற்றுக் கெட்டியான ஆயில் ஓரளவு உதவும்.

மேடேறும்போது அழுத்தி மிதித்தால் தொடர்ந்து நீலப் புகை, கூடவே இழுவையும் குறைவு என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாகக் காட்டினால், ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். இப்போது அளவு ஏறினால், தேய்மானம் ரிங்கில் என்று அர்த்தம். தேய்ந்த ரிங்குக்கும் கெட்டி ஆயில் கொஞ்ச காலம் கைகொடுக்கும். ஆனால், ரிங் தேயாமல் கரி பிடித்து இறுகியிருந்தால் ஆயிலின் கெட்டித்தன்மையால் பெரிய பயன் இல்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்ற பிசிவி வால்வ் என்று ஒரு சின்ன உதிரி பாகம் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டாலும் ஆயில் குறையும். மலிவான பொருள்தான். பெரிய வேலையில் கைவைக்கும் முன் அதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு படியாக ஏறுங்கள்

முதலில் காரோடு வந்த கையேட்டை எடுங்கள். பல கையேடுகளில் ஒரே ஓர் ஆயில் மட்டும் இருக்காது. வெளி வெப்பநிலைக்கு ஏற்ப எந்தெந்த ஆயில் போடலாம் என்று ஓர் அட்டவணையே இருக்கும். நம் வெயிலுக்கு அதில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

5டபிள்யூ-30 போடும் கார் என்றால், முதல் படி 10டபிள்யூ-30. பொதுவாக, முன் எண் ஏற ஏற ஆயில் சூட்டில் ஆவியாவது குறையும். பின் எண் மாறாததால் இன்ஜினுக்குப் புதிய சுமை எதுவும் இல்லை. அதிலும் குறையவில்லையென்றால் அடுத்த படி 10டபிள்யூ-40. அட்டவணையில் இடமிருந்தால் 15டபிள்யூ-40. ஒவ்வொரு படியிலும் ஒரு முழு ஆயில் மாற்றக் காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

20டபிள்யூ-50 எல்லா காருக்கும் ஆகாது. அந்தக் காலத்துக் கார்களில் பாகங்களுக்கு இடையே இடைவெளி தாராளமாக இருந்தது. அவற்றுக்கு அது பொருந்தியது. பின்னால் வந்த பல இன்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் குறுகலானவை. வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றுவதும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும்கூட ஆயில் அழுத்தத்தால்தான் நடக்கின்றன. அங்கே ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல்பகுதிக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். மைலேஜும் குறையும். புகையை நிறுத்தப் போய் தேய்மானத்தை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும்.

கெட்டித்தன்மை மாறினாலும் தரக் குறியீடு குறையக் கூடாது. பெட்ரோல் காருக்கு எஸ்என், எஸ்பி என்பது போலக் கையேடு சொல்லும் தரமோ அதற்கு மேலோ இருக்கட்டும்.

உயிர் கம்பியில் இருக்கிறது

ஆயில் எரிவதால் இன்ஜின் உடனே சாகாது. ஆயில் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டுவதால்தான் சாகிறது.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான பழைய கார்களில் அது அளவைக் காட்டும் விளக்கு இல்லை, அழுத்தம் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் அது எரிந்தால், ‘அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி, உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

அந்த நிலை வராமல் இருக்க வாரம் ஒருநாள் போதும். சமதளத்தில் காரை நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர் இருக்கும். பாதிக்கு வந்ததும் அதே வகை ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம், அதுவும் கெடுதல். வழியில் அதே வகை கிடைக்காவிட்டால் வேறு வகை கார் ஆயில் அரை லிட்டர் ஊற்றலாம், தவறில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டுவதுதான் தவறு.

ஊற்றிய தேதி, கிலோமீட்டர், அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். 1,000 கி.மீ-க்கு கால் லிட்டர் என்றால் பழைய காருக்கு அது கவலைப்படும் விஷயம் இல்லை. 1 லிட்டரைத் தாண்டினால், அல்லது மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால், மெக்கானிக்கிடம் பேச வேண்டிய நேரம். 1,000 கி.மீ-க்கு அரை லிட்டர் குடிக்கும் கார் ஆண்டுக்கு 6,000 கி.மீ ஓடினால், கூடுதலாகத் தேவை 3 லிட்டர் ஆயில்தான். இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால், ஒன்று. புகையோடு போகும் ஆயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அப்பாவுக்கும் இதுதான் பதில். கையேட்டின் அட்டவணைக்குள் ஒரு படி ஏறிப் பார்க்கலாம். டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா, டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன நோட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு நிமிடம். பழைய காருக்கு இவை மூன்றும் எந்த ஆயிலையும்விடப் பெரிய மருந்து.