ஆபத்துக்குப் பாவமில்லையா?

பூகம்பம், புயல் என்று செய்தி வந்தால் போதும், டாக்டர்கள் உடனே ஓட வேண்டும் என்பதே நம்மில் பலரின் முதல் எண்ணம். யார் அனுப்பினார்கள், கையில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று யாராவது கேட்டால், "ஆபத்துக்குப் பாவமில்லை" என்று வாயை அடைத்துவிடுவார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த நம்பிக்கைதான். ஆனால் அது செய்த கேட்டைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியைப் பூகம்பம் உலுக்கியது. தலைநகரில் சுகாதார அமைச்சகக் கட்டடமே இடிந்து விழுந்தது. பல நாடுகளிலிருந்து மருத்துவக் குழுக்கள் வந்து இறங்கின. அவற்றில் தேர்ந்தவர்கள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் பேரிடர் அறுவைச் சிகிச்சையில் பழக்கமே இல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நசுங்கிய கால்களைத் தோல், சதை, எலும்பு எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நேராக வெட்டி எடுத்தார்கள். அப்படி வெட்டினால் எலும்பின் முனையை மூடச் சதை மிஞ்சாது. சில நாளில் மறுபடி அறுவை செய்து சரிப்படுத்தினால்தான் செயற்கைக் கால் பொருந்தும். அதைச் செய்வது யார்? வெட்டியவர் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். என்ன செய்தார், என்ன மருந்து கொடுத்தார் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடப் பலர் கையில் இல்லை. மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தக் காலோடு நடக்க வேண்டியவரிடம் போய் ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

வேகமாகப் போனார்களே என்பார்கள். வேகமும் பெரும்பாலும் பிரமைதான். 2003 டிசம்பரில் ஈரானின் பாம் நகரம் தரைமட்டமானபோது, வெளிநாட்டுக் கள மருத்துவமனைகள் கூடாரம் அடித்து முடிப்பதற்குள் படுகாயமடைந்தவர்களில் பெரும்பாலோரை ஈரானே விமானத்தில் ஏற்றி மற்ற நகரங்களுக்கு அனுப்பிவிட்டது. இடிபாட்டில் நசுங்கியவரின் உயிர் முதல் ஓரிரு நாளிலேயே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளூர் நர்ஸும் உள்ளூர் டாக்டரும்தான். கடல் கடந்து வருபவர் பார்க்கப்போவது பிரசவத்தையும், சீழ் பிடித்த புண்ணையும், இன்சுலின் தீர்ந்துபோன சர்க்கரை நோயாளியையும், டயாலிசிஸ் நின்றுபோனவரையும். அதற்குத் தயாராக வந்தவர் எத்தனை பேர்?

ஹைட்டியில் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களை வகைப்படுத்திக் குறைந்தபட்சத் தரங்களை வெளியிட்டது. இதைத்தான் காகித வேலை என்று பலர் பழிக்கிறார்கள். அதில் இருப்பதைப் பாருங்கள். இரண்டாம் வகைக் குழு என்றால் குறைந்தது 20 படுக்கை, நாளுக்கு 7 பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கான திறன். மருத்துவர் சொந்த நாட்டில் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட நாட்டின் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்; நோயாளிக்குச் சிகிச்சைக் குறிப்பு எழுதித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர், சாப்பாடு, மின்சாரம், கழிவறை எல்லாம் குழுவே கொண்டுவர வேண்டும். ஊர்க்காரர்கள் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் இடத்தில், கத்தியும் ஸ்டெதஸ்கோப்புமாக வந்து இறங்கும் இருபது பேர் அந்த வரிசையில் இன்னும் இருபது வாய்கள். இந்த நிபந்தனையைத் தாண்ட முடியாதவர் கிளம்பாமல் இருப்பதே உதவி. அவருடைய டிக்கெட் பணத்தைப் பக்கத்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் தரம், ஏழைகளுக்கு எட்டாது என்ற வாதமும் உண்டு. பத்து லட்சம் பேர்கூட இல்லாத ஃபிஜி, 2016இல் வின்ஸ்டன் புயலில் அடிபட்ட நாடு. அது தன் டாக்டர்களையும் நர்ஸ்களையும் கொண்டு ஒரு குழுவை உருவாக்கி, 2019இல் முதல் வகைக் குழுவாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. பசிபிக் தீவு நாடுகளில் அதுவே முதல் குழு.