துவக்கை நிரப்புவது லேசு, வெறுமையாக்குவது?

கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டம், சேனை வைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை இஷாவுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் ஒரு வாக்குவாதம். "பன்றி விரட்ட பழைய இடியன் போதும், தோட்டாச் செலவும் இல்லை" என்றார் ஒரு மூத்தவர். "மாமா, நீங்க ஒரு வெடி வெச்சிட்டு மறுபடி இடிச்சு முடிக்கிறதுக்குள்ள பன்றி எலுவன்குளம் போய்ச் சேர்ந்திடும்" என்றான் ஒரு தம்பி. எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டு பேரும் பேசியது வேகத்தைப் பற்றி மட்டும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடியன் என்றால் குழலின் வாய் வழியாக மருந்து, தும்பு, சன்னம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு கோலால் இடித்து நிரப்பும் துவக்கு. தோட்டாத் துவக்கு பின்பக்கம் திறக்கும். மருந்தும் சன்னமும் ஒரே தோட்டாவுக்குள் இருக்கும். போட்டு மூடினால் வேலை முடிந்தது.

இந்த நிரப்பும் முறையால் சரித்திரமே மாறியிருக்கிறது. 1857இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சி ஏன் வெடித்தது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். என்ஃபீல்ட் துவக்கின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, வாய் வழியாக நிரப்ப வேண்டும். அதில் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் பூசியிருக்கிறது என்ற பேச்சு பரவியது. முஸ்லிம் சிப்பாயும் இந்துச் சிப்பாயும் சேர்ந்தே மறுத்தார்கள். பத்து வருடம் போவதற்குள், 1866இல், அதே என்ஃபீல்டைப் பின்பக்கம் திறக்கும் ஸ்னைடர் துவக்காக ஆங்கிலேயர் மாற்றத் தொடங்கினார்கள். கடிக்கும் வேலையே இல்லாமல் போனது. அதே 1866இல் கோனிக்ராட்ஸ் போரில் பிரஷ்யப் படையினர் பின்பக்கம் நிரப்பும் துவக்கோடு படுத்தபடியே சுட்டார்கள். ஆஸ்திரியர்கள் வாய்வழித் துவக்கை இடித்து நிரப்ப எழுந்து நிற்க வேண்டியிருந்தது. யார் தோற்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

போர்க்களத்துக்கு வேகம் வேண்டும். எங்கட கச்சான் தோட்டத்துக்கு? ஒரு வெடிச் சத்தம் கேட்டாலே பன்றி ஓடிவிடும். அந்த வகையில் மாமா சொன்னது சரி. யுத்தக் காலத்தில் டி-56 பார்த்து வளர்ந்த எங்கட தம்பிமாருக்கு அடுக்கடுக்காக வெடிப்பதுதான் நல்ல துவக்கு என்ற நினைப்பு. தோட்டக்காரனுக்கு அது தேவையே இல்லை. ஒற்றைக்குழல் தாராளம்.

ஆனால் மாமா ஒன்றை மறந்துவிட்டார். இடியனை நிரப்பினால் அதை வெறுமையாக்க லேசான வழி வெடிக்க வைப்பது மட்டும்தான். இரவெல்லாம் காவல் இருந்தும் பன்றி வரவில்லை என்றால் என்ன செய்கிறோம்? மருந்தை வீணாக்க மனம் வராது. நிரப்பியபடியே வீட்டுக்குக் கொண்டு வந்து முகட்டில் செருகி வைக்கிறோம். என் வகுப்பில் ஒரு பிள்ளை சாதாரணமாகச் சொன்னான்: "சேர், எங்கட வாப்பா துவக்க நிரப்பித்தான் வெச்சிருப்பார். எனக்கு எட்டும்." அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை.

இன்னொன்று, குழலுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் 27,000க்கு மேற்பட்ட துவக்குகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றில் சுமார் 24,000 நிரப்பியபடியே கிடந்தன. அதில் பாதியளவு இரண்டு தடவை நிரப்பப்பட்டவை. பயிற்சி பெற்ற படையினருக்கே அந்த நிலை. எங்கட பக்கம் கடற்காற்றில் மருந்து ஈரமாகி வெடிக்காமல் போவது வழமை. வெடிக்காததை மறந்து அதன் மேலேயே இன்னொருவர் இடித்தால்? அதுவும் தண்ணிக் குழாயில் ஒட்டுவேலை செய்த குழல் என்றால், கையும் கண்ணும் போவதற்கு ஒரு வெடி போதும்.

தோட்டாத் துவக்கின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. திறந்தால் குழல் முழுக்கத் தெரியும். தோட்டாவைக் கழற்றி வேறிடத்தில் பூட்டி வைக்கலாம். துவக்கு வெறும் இரும்பாகிவிடும்.

"சேர், அனுமதிப்பத்திரம் எடுக்கிறது லேசான விசயமா?" என்று கேட்பீர்கள். லேசில்லைதான். 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கிராம உத்தியோகத்தர், பொலிஸ், கச்சேரி, வருடா வருடம் புதுப்பிப்பு. ஏழை விவசாயி இடியன் பக்கம் போவதற்கு இந்த அலைச்சலும் செலவும்தான் காரணம். அதைத் தனியாளாக அலைந்து தீர்க்க முடியாது. விவசாயச் சங்கம் பெயர்களைச் சேர்த்து ஒரே தடவையில் பிரதேச செயலகத்தில் பேச வேண்டும். விண்ணப்பம் எழுதித் தர நான் தயார். அனுமதி இல்லாததை வைத்திருப்பவர்கள், பிள்ளைக்கு ஏதும் நடக்க முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு ஒப்படைப்பதே நல்லது.

யானை விசயம் வேறு. வில்பத்துப் பக்கமிருந்து வரும் யானைக்கு எந்தத் துவக்கும் மருந்தில்லை. சன்னம் பட்ட யானை உடனே சாகாது. காயம் சீழ் பிடித்து, வேதனையோடு இன்னும் மூர்க்கமாகத் திரும்பி வரும். சட்டப்படியும் குற்றம், அல்லாஹ்விடமும் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பராமரிப்புள்ள மின்வேலிதான் கேட்க வேண்டும். ஆளையும் மிருகத்தையும் பிரித்தறியாத கட்டுத்துவக்கை யாரும் நியாயப்படுத்தவே முடியாது.

அம்போடு பள்ளிக்கோ சந்தைக்கோ வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் பட்டுவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஒரு அம்பின் முனைக்கே அவ்வளவு கவனம் என்றால், முகட்டில் நிரப்பிக் கிடக்கும் துவக்குக்கு?

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முகட்டைப் பாருங்கள். பிள்ளைக்கு எட்டுமா என்று பாருங்கள். பன்றி தின்ற கச்சானை அடுத்த போகத்தில் விதைத்துக்கொள்ளலாம்.