இல்லை என்றாவது எழுதிக் கொடுங்கள்

பட்டுப்போன மரத்தை எடுக்க அனுமதி கேட்டு வருபவரை மரத்துக்கே விரோதி போலப் பார்க்கும் வழக்கம் தில்லியில் எப்போதுதான் ஒழியும்?

எங்கள் வீட்டு முன்வாசலில் நிற்கும் வாகை மரம் அடியில் உளுத்துவிட்டது. பட்டை உரிந்து தொங்குகிறது. வேரடியில் தட்டுத் தட்டாகக் காளான். பாதிக் கிளைகள் துளிர்ப்பதே இல்லை. சாய்ந்தால் ஒரு பக்கம் அடுத்த வீட்டு மொட்டை மாடி, மறுபக்கம் பள்ளி வேன் வந்து நிற்கும் சந்து. இங்கே ஆந்தி என்று சொல்லும் புழுதிப்புயல் மே, ஜூன் மாதங்களில் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அது அடிக்கும் ராத்திரிகளில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும்; பொருந்தத்தான் வேண்டும். இந்த ஊர்க் காற்றைச் சுவாசிக்கிற யாரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மர அதிகாரி 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கோ உடைமைக்கோ ஆபத்தான மரம் என்றால் மறுக்கக் கூடாது. கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். இவ்வளவும் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் ஆற்றாமை கூடுகிறது.

வீட்டுப் பத்திரம், மரத்தின் சுற்றளவு, புகைப்படம் எல்லாம் மர அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. போய்க் கேட்டால் கோப்பு மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மரத்தை வந்து பார்க்கத்தான் ஆளில்லை. கெடு தாண்டிவிட்டதே, வெட்டலாமே என்றால் மரம் வெட்டுகிறவர் ரம்பத்தைத் தொட மறுக்கிறார். கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாமல் போலீஸ் வந்தால் முதலில் மாட்டுவது அவர்தானே! உடனடி ஆபத்து என்றால் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. மரம் போன பிறகு அது ஆபத்தாக இருந்தது என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது?

கனத்தைக் குறைக்கக் கிளையையாவது கழிக்கலாம் என்றால் அதற்கும் அதே அலுவலகம்தான். 15.7 சென்டிமீட்டர் சுற்றளவு வரையுள்ள கிளைகளை அனுமதியின்றிக் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டுதலை 2023 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இஷ்டத்துக்கு வெட்டி மரங்களை மொட்டையாக்கியவர்களால் வந்த வினை. தீர்ப்பு நியாயமானதே. ஆனால் கேட்க வேண்டியவை கூடும்போது பதில் சொல்ல ஆட்களும் கூட வேண்டாமா?

மனை பிடித்துக் கட்டுகிறவர்கள் விண்ணப்பமே போடாமல் காரியத்தை முடிக்க முடிகிறது. வேரில் ஆசிட் ஊற்றுவது, பட்டையைச் சுற்றிலும் செதுக்கிவிடுவது, ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து லாரியில் ஏற்றுவது என்று எத்தனை வழிகள்! ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொன்னாலும், 1,000 ரூபாய் வரை அபராதத்தோடும் விட்டுவிடலாம். கோடிக்கணக்கில் விலை போகும் மனையில் அது ஒரு தொகையா? முறைப்படி கேட்டவர் காத்துக் கிடக்கிறார். கேட்காதவர் கட்டடம் எழுப்பிவிடுகிறார். இதைப் பார்க்கும் அடுத்த ஆள் அனுமதி கேட்பாரா? அலுவலகத்தின் இந்த மௌனத்தால் நல்ல மரங்களும்தான் சாகின்றன.

எங்கள் வாகையும் தானாகச் சாகவில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. எங்கள் தெருவில் தண்டை ஒட்டியே சிமென்ட் பூசியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது வந்து பார்த்திருந்தால் இன்று யாரும் அனுமதி கேட்க வேண்டியிருக்காது.

ஆபத்தான மரம் என்று விண்ணப்பம் வந்தால் ஒரு வாரத்துக்குள் ஆள் வந்து பார்க்கட்டும். 60 நாள் தாண்டினால், அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்ற காகிதத்தை அந்த அலுவலகமே முத்திரையிட்டுத் தரட்டும். எடுத்த மரத்துக்குப் பதிலாக எத்தனை கன்று நடச் சொன்னாலும் நட்டு வளர்க்கத் தயார். வெட்டவே கூடாது என்பது முடிவானால் அதையும் ஏற்கிறேன். காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நாளை அது விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும்.